செல்வலட்சுமி நைன் அடிக்கவில்லை

சக்குபள்ளத்தில் ஜோஜோ முதலாளியின் ஏலக்காய் ஸ்டோரில் செல்வலட்சுமி நான்கு வருடம் வேலை பார்த்தாள். நானும் அங்கேதான், தட்டில் காய் பரப்புகிறேன். ஆறாவதோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளைப் பற்றி இப்போது மலையில் சுற்றுகிற கதை பொய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டோர் என்று இங்கே சொல்வது பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்தை. இரண்டு ரூம் உண்டு. முன்பு விறகு எரித்தார்கள். பிறகு கேஸும் காற்றாடியும் வந்தன, கூடவே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. எந்த ரூமில் எவ்வளவு சூடு, எப்போது கேஸ் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் எல்லாம் அதன் பொறுப்பு. காய்க்கு முதலில் இளஞ்சூடு போதும். கடைசி மணி நேரத்தில்தான் ஏற்ற வேண்டும். முதலிலேயே ஏறினால் பச்சை நிறம் போய் காய் வெடித்துவிடும். ஏலத்தில் அதை எவனும் கையில் எடுத்துப் பார்க்க மாட்டான்.

கட்டப்பனையிலிருந்து அதைப் பொருத்த வந்தவன் வினோ. வேலை தெரிந்தவன், ஆனால் நிற்க நேரமில்லாதவன். ஆண்கள் எல்லோரும் திரையைப் பார்த்து இரண்டடி தள்ளி நின்றார்கள். செல்வலட்சுமி மட்டும் பக்கத்தில் போய் நின்றாள். அவள் பீர்மேட்டுப் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள், எஸ்டேட்டைப் பூட்டியபோது பன்னிரண்டாவது பாதியில் நின்றது. இங்கே வந்து காய் அள்ளினாள். அன்றைக்குக் கையில் காய்க்கறையோடு வினோவைக் கேள்வி கேட்டே கொன்றாள்.

"இது எதுக்குங்க? இந்த நம்பரு யாரோடது?"

"உள்ள ஓடுற புரோகிராம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர்க்கா. ரேஷன் கார்டு மாதிரி."

"ஒண்ணுக்கு ஒண்ணு பேசிக்குமா?"

"பேசாது. சிக்னல் அனுப்பும்."

"என்ன சொல்லி அனுப்பும்?"

"ஒண்ணும் சொல்லாது. வெறும் நம்பர்தான் போகும். வாங்குறவன் புரிஞ்சு நடந்துக்கணும். விடுங்கக்கா, எனக்கு நெடுங்கண்டத்துல இன்னும் ரெண்டு எடம் இருக்கு."

அவள் விடவில்லை. அன்று அவன் டீ குடித்துக்கொண்டே சொன்னதை எல்லாம் பழைய டயரியில் எழுதிக்கொண்டாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொன்னாள். அவள் சொன்னதால்தான் எனக்கே புரிந்தது.

ரூமுக்கு ஒரு தலைமைப் புரோகிராம். அது தனக்குக் கீழே இரண்டைப் பெற்று விடும். ஒன்று கேஸைப் பார்க்கும், மற்றது காற்றாடியைப் பார்க்கும். சூட்டின் அளவை மாற்றி எழுதிவிட்டு தலைமைக்கு ஒன்றாம் சிக்னல் அனுப்பினால், அது ஓட்டத்தை நிறுத்தாமல் புது அளவைப் படித்துக்கொண்டு கீழே இருப்பவற்றுக்கும் தெரிவிக்கும். பதினைந்தாம் சிக்னல் அனுப்பினால், வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு என்று பொருள். தலைமை உடனே போகாது. கீழே இருக்கும் இரண்டுக்கும் சொல்லும். கேஸ் மூடும், காற்றாடி பத்து நிமிடம் ஓடி ரூமை ஆற்றும், எல்லாம் அடங்கிய பிறகு தலைமை போகும். பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

"நைன்னு ஒண்ணு இருக்கு மதினி," என்றாள். "அது அந்தப் புரோகிராம் காதுக்கே போகாது. கம்ப்யூட்டரோட அடிமட்டத்துல இருக்கது நேராத் தூக்கி வெளிய போட்டுரும். தான் போறோம்னே அதுக்குத் தெரியாது."

"அப்ப கீழ இருக்க ரெண்டும்?"

"அதுகளுக்கு யாரு சொல்றது? பழைய சூட்டையே பிடிச்சுக்கிட்டு ஓடிக்கிட்டு இருக்கும்."

"எங்க வீட்டுக்காரரு மாதிரி," என்றேன். "கல்யாணம் பண்ணப்ப அவுக அம்மா சொன்னதையே இன்னும் பிடிச்சுக்கிட்டு."

சோற்றுப் பொதியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு சத்தமாக இருக்கும். சூப்பர்வைசர் பாண்டீஸ்வரன் அதற்கே முகம் சுளிப்பார்.

பாண்டீஸ்வரனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. ஒரு நாள் திரை அசையாமல் நின்றபோது வினோவுக்குப் போன் போட்டார். வினோ எங்கேயோ பைக்கில் போய்க்கொண்டே, "கில் நைன் அடிச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே" என்றான். அடித்தார். வேலை செய்தது. அன்றிலிருந்து எல்லா நோய்க்கும் அவரிடம் அந்த ஒரே மருந்து. அட்டைப்பெட்டியைக் கிழித்து மார்க்கரில் எழுத்துக்கு எழுத்து பெரிதாக எழுதி திரைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். வெளியே காய் மூட்டையோடு ஜீப்புகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும். பன்னிரண்டு நிமிடம் யார் காத்திருப்பது?

"நைன அடி, காய ஏத்து!" இதுதான் ஸ்டோரில் நாள் முழுவதும் கேட்கும் குரல்.

"அண்ணே, பதினஞ்சு போட்டு ஆற விடுங்க," என்பாள் செல்வலட்சுமி.

"நீ ஆறு, நான் ஏத்துறேன்."

"நைன் அடிச்சா கீழ இருக்கது சாகாதுண்ணே. லிஸ்ட் போட்டுப் பாத்துட்டாவது ஸ்டார்ட் பண்ணுங்க."

"எத்தன தடவ அடிச்சேன்? ஒரு தடவ காய் கெட்டுச்சா? சொல்லு பாப்பம்."

கெடவில்லை. ஏன் கெடவில்லை என்று எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். அவர் நைன் அடித்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போவார். அவர் முதுகு மறைந்ததும் செல்வலட்சுமி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். ஓடுகிறவற்றின் பட்டியலை எடுப்பாள். தலைமை இல்லாமல் நிற்கிற பழையவற்றைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் பதினைந்து அனுப்பி இறக்குவாள். இரண்டு வருடம் இதைச் செய்தாள். ஒரு தடவைகூட அவர் இதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் துடைக்கத் துடைக்க அவருக்குத் தன் கைதான் சுத்தம் என்ற நினைப்பு வளர்ந்தது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்தாள், உதவித்தொகைக்கு வருமானச் சர்டிபிகேட் கேட்டிருந்தார்கள். பீர்மேடு தாலுகா ஆபீசுக்குக் காலை முதல் பஸ்ஸில் போனாள். புதன் சாயங்காலமே முதலாளியிடம் சொல்லியாயிற்று. பாண்டீஸ்வரனிடமும் சொன்னாள். இரண்டாம் ரூமில் அவள் ஏற்றி வைத்த காய் வியாழன் காலை பத்து மணிக்கு முடியும், பதினைந்து போட்டு நிறுத்துங்கள் என்று நான் கேட்கச் சொன்னாள்.

பத்து மணிக்கு அந்தக் காய் முடிந்தது. ரூம் அப்போதும் கடைசிச் சூட்டில், அறுபது டிகிரியில், ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் சிறு விவசாயிகள் ஏழு பேருடைய காய் மூட்டைகளோடு இரண்டு ஜீப் நின்றது. பாண்டீஸ்வரன் அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி நைன் அடித்தார். நாங்கள் பழைய காயை இறக்கிப் புதுக் காயை ஏற்றினோம். அவர் சூட்டை நாற்பத்தைந்து என்று வைத்து ஸ்டார்ட் செய்தார். பட்டியல் எடுத்துப் பார்க்க அன்றைக்கு ஆள் இல்லை.

புதிய புரோகிராம் நாற்பத்தைந்து வந்ததும் கேஸை மூடச் சொல்லும். உள்ளே அனாதையாக நிற்கிற பழையது, இன்னும் அறுபது ஆகவில்லையே என்று திறக்கச் சொல்லும். ஒரே வால்வுக்கு இரண்டு எஜமான். மதியத்துக்குள் அந்த வால்வு டக் டக் என்று அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. சாதாரணமாக அது எப்போதாவது ஒரு தடவை அடிக்கும். நான் எழுந்து போய்ச் சொன்னேன்.

"அண்ணே, வால்வு விடாம அடிக்குது. செல்வி இருந்தா லிஸ்ட் பாப்பா."

"ஒனக்கும் லிஸ்ட் வந்துருச்சா? போ, போய்த் தட்டப் பரப்பு. திரையில நாப்பத்தஞ்சுன்னு இருக்கு, கண்ணு தெரியலயா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் போய்த் தட்டைப் பரப்பினேன். நாற்பத்தைந்து என்று திரை காட்டியது நாம் கேட்ட சூட்டை. உள்ளே இருந்த சூடு அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. எனக்கும் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இரண்டு மணிக்குக் காய் வெந்த வாசனை வந்தது. கதவைத் திறந்தால் காய் மரக்கட்டை நிறத்தில் வாய் பிளந்து கிடந்தது. ஏழு குடும்பங்கள் ஏலத்தோட்டத்தில் குனிந்து பறித்த காய். அந்த ரூமுக்கான சிலிண்டரைக் கையால் மூடினார்கள். கம்ப்யூட்டரை நிறுத்தவில்லை, ஒன்றாம் ரூம் ஓடிக்கொண்டிருந்ததால்.

சாயங்காலம் ஏழு விவசாயிகளும் வந்துவிட்டார்கள். ஜோஜோ முதலாளி காரை விட்டு இறங்கும்போதே தன் மலையாளத் தமிழில் கேட்டார். "பாண்டி, இது யாரு செய்த பணி?"

"செல்வலட்சுமி முதலாளி. நேத்து செட்டிங்க மாத்தி வச்சுட்டு இன்னைக்கு லீவப் போட்டுட்டா."

முதலாளி வினோவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வினோ, "மெஷின்ல கம்ப்ளைண்ட் வர வழியே இல்ல சார், ஆப்பரேட்டர் தப்பாத்தான் இருக்கும்" என்றான். யார் ஆப்பரேட்டர், என்ன அடித்தார், எதுவும் கேட்கவில்லை. விவசாயிகளில் அழகுத்தாய் மதினி எனக்குத் தூரத்துச் சொந்தம். வெடித்த காயை ஒரு கை அள்ளி வைத்துக்கொண்டு, "அந்தப் பொம்பளைக்கு என் வயிறு எரியுறது தெரியணும்" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சொன்னாள். செல்வலட்சுமி அங்கே இல்லை. நான் இருந்தேன்.

இந்த மலையில் ஒருவரை வேலையைவிட்டு நிறுத்துவதற்குக் கடிதம் கிடையாது, கூப்பிட்டுச் சொல்வதும் கிடையாது. வேலைக்கு ஏற்றிப் போகிற ஜீப் மறுநாள் நிற்காது. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு முக்கில் சாப்பாட்டுப் பையோடு அவள் நின்றிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் ரோட்டுக்கு ஓரடி இறங்கினாள். டிரைவர் கியரை மாற்றி மிதித்தான். உள்ளே பதினோரு பேர் இருந்தோம். அவள் கையை உயர்த்தினாள், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். ஒருத்திகூட நிறுத்து என்று சொல்லவில்லை. எவரோ, "பாவம்" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு அறையத் தோன்றியது. யாரை என்று தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு அவள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். செருப்பைக்கூட வெளியே விடவில்லை.

"நேத்து என்ன நடந்துச்சுன்னு ஜீப்பு டிரைவரு பொண்டாட்டி போன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியுது. காயைக் கருக்குனது நானாண்ணே?"

"சத்தத்தக் கொற. பொம்பள மாதிரி பேசு," என்றார் பாண்டீஸ்வரன்.

"பொம்பள மாதிரித்தான் ரெண்டு வருஷமா ஒங்க பின்னாடி வந்து தொடச்சேன். ஒரு நாள் தொடைக்கல, பாருங்க."

முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தார். "செல்வி, இனி ஒண்ணும் பறயண்டா. போ."

"போறேன் முதலாளி. ஒரே ஒரு தடவ லிஸ்ட் போட்டுக் காட்டிட்டுப் போறேன். ரெண்டாம் ரூம்ல என்னென்ன ஓடுது, எது எப்ப ஆரம்பிச்சதுன்னு மெஷினே சொல்லும். நான் சொல்ல வேணாம்."

ஆரம்பித்த நேரமும் தெரியும் என்பது பாண்டீஸ்வரனுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"எதுக்கு லிஸ்ட்டு கிஸ்ட்டு? கம்ப்யூட்டர மொத்தமா ஆப் பண்ணிப் போட்டாலே சரியாயிரும் முதலாளி. ஒண்ணாம் ரூம்ல இப்பத்தான் காய் ஏத்துனோம், திருப்பிப் போட்டுக்கலாம்." சொல்லிக்கொண்டே மெயின் சுவிட்சுக்கு நடந்தார்.

நிறுத்தினால் உள்ளே ஓடுகிற எல்லாம் போய்விடும், பட்டியலும் போய்விடும். செல்வலட்சுமி, "ஐயோ, வேணாம்" என்று கத்தினாள். அவள் தூரத்தில் இருந்தாள். சுவிட்சு என் தலைக்கு மேலே இருந்தது, நான் அதன் அடியில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன். சுவிட்சுப் பெட்டியின் மேல் முதுகை வைத்து நின்றேன்.

"நவுரு, கற்பகம்."

நான் நகரவில்லை.

"காது கேக்கல?"

"கேக்குதுண்ணே," என்றேன். "நேத்து வால்வு அடிச்சதும் கேட்டுச்சு. பத்து மணிக்கு நைன் அடிச்சது நீங்க."

என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. முதலாளி என்னை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பாண்டி, அவிடெ நில்லு," என்றார்.

செல்வலட்சுமி உட்கார்ந்து டயரியைப் பார்த்து அடித்தாள். வரிகள் வந்தன. வினோவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தாள். இரண்டாம் ரூமுக்கு ஒரு தலைமை, அதற்குக் கீழே இரண்டு, ஆரம்பித்தது வியாழன் பத்து நாற்பத்திரண்டு. அதே ரூமுக்குத் தலைமை இல்லாமல் இன்னும் இரண்டு, ஆரம்பித்தது புதன் மாலை.

வினோ அந்த நேரங்களை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு, "பதினஞ்சு போட்டிருந்தா பழசு நிக்காதுக்கா. நைன் போட்டிருந்தாத்தான் இப்படி ஆகும்," என்றான்.

"நேத்து ஆப்பரேட்டர் தப்புன்னியே?"

"எனக்கென்னக்கா தெரியும், யாரு அடிச்சான்னு?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

வியாழன் காலை பத்து மணி என்று அச்சடித்த தாலுகா ஆபீஸ் டோக்கனைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். முதலாளி அதைத் தொடவில்லை. பாண்டீஸ்வரனைத் திட்டவும் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மூக்கைச் சொறிந்துகொண்டு, "செரி. கழிஞ்சது கழிஞ்சு. நீ திங்களாழ்ச்ச முதல் பணிக்கு வா" என்றார்.

"ஏழு பேருக்கும் போன் போட்டுச் சொல்லுங்க முதலாளி. என் பேரத்தான அவுக முன்னாடி சொன்னாக."

"அதொண்ணும் வேண்டா. சூப்பர்வைசருக்கே மெஷின் தெரியலன்னு பறஞ்சா இந்த ஸ்டோருக்கு யாரு காய் கொண்டு வரும்? நீ பணிக்கு வந்தா போதுமல்லோ."

"என் பேரு?"

"பேரு நாலு நாள்ல எல்லாரும் மறந்துரும்."

"அப்ப நானே சொல்லிக்கிறேன்."

"விளிச்சா பின்னே இவிடெ வரண்டா." போன் போட்டால் பிறகு இங்கே வர வேண்டாம் என்கிறார். அதை முதலாளி சத்தம் போடாமல்தான் சொன்னார்.

மகள் கல்லூரியில் இருக்கிறாள். புருஷனுக்கு இடுப்பு ஒடிந்து இரண்டு வருடமாகக் கனமான வேலை இல்லை. ஸ்டோரில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும், முதலாளிக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னார்.

செல்வலட்சுமி திரும்பி கீபோர்டைத் தொட்டாள். அனாதையாக நின்ற இரண்டுக்கும் பதினைந்து அனுப்பினாள். அவை போனதைப் பட்டியலில் பார்த்தாள். பிறகு ஆபீஸ் நோட்டில் இருந்த ஏழு நம்பர்களையும் கையில் எழுதிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். நானும் போனேன். என்னைப் பாண்டீஸ்வரன் கூப்பிட்டார், நான் திரும்பவில்லை.

முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள், "சரி சரி" என்று வைத்துவிட்டார். மூன்றாவது அழகுத்தாய் மதினி. செல்வலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, எந்த மணிக்கு யார் என்ன செய்தார் என்று. அழகுத்தாய் நம்பவில்லை. "வேலை போனதும் அடுத்தவன் மேல பழியப் போடுறியாக்கும்" என்று கத்தியது போனுக்கு வெளியே கேட்டது. செல்வலட்சுமியின் கண்ணில் தண்ணீர் இல்லை. போனை என் பக்கம் நீட்டினாள்.

"நீ சொல்லு மதினி. நீ பாத்தேல்ல."

நான் போனில் பேசிப் பழகாதவள். வாங்கினேன்.

"மதினி, நான் கற்பகம். செல்வி சொல்றது நெசம். பாண்டிதான் அடிச்சாரு. என் கண்ணால பாத்தேன்."



"நேத்துச் சாயங்காலம் நாங்க அம்புட்டுப் பேரும் அந்தப் பிள்ளைய வைஞ்சோமே, அப்ப நீ எங்க இருந்த?"

"அங்கனதான் இருந்தேன் மதினி."

"அங்கனயா?"

"ஒங்களுக்குப் பின்னாடி."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் செல்வலட்சுமியிடம் போனைத் திருப்பிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, உள்ளங்கையில் எழுதியிருந்த நாலாவது நம்பரைக் குத்தத் தொடங்கினாள்.